பேட்டரி வாங்கும் முன் ஒரு மீட்டர் வாங்குங்கள்

கேள்வி: அரக்கோணத்தில் இருக்கிறேன். என்னுடையது 2021 மாடல் 150 சிசி பைக். பி.எஸ்.6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டி, கிக்கர் கிடையாது, செல்ஃப் மட்டும்தான். வண்டியோடு வந்த பேட்டரி மூன்று வருடத்துக்கு மேல் உழைத்தது. அப்போது காஞ்சிபுரத்தில் வேலை. தினமும் வண்டியிலேயே போய் வருவேன். 2024 கடைசியில் பேட்டரியை மாற்றினேன். அதே சமயத்தில் சென்னையில் வேலை கிடைத்துவிட்டது. வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரை இரண்டு கிலோமீட்டர்தான் இப்போது ஓட்டம். சனி, ஞாயிறு பெரும்பாலும் வண்டியை எடுப்பதில்லை. அந்தப் பேட்டரி பதினொரு மாதத்தில் படுத்துவிட்டது. நடுவில் இரண்டு தடவை கடையில் சார்ஜ் போட்டும் வாங்கினேன். கடைக்காரர் வாரண்டியில் வேறு கொடுத்தார். அது ஐந்தாவது மாதத்திலேயே மக்கர் செய்கிறது. திங்கட்கிழமை காலையில் செல்ஃப் அமுக்கினால் ‘டக் டக்’ சத்தம் மட்டும் வருகிறது; மீட்டர் அணைந்து அணைந்து எரிகிறது. எங்கள் தெருவில் வண்டி திருடு போனதால் ஜி.பி.எஸ். கருவி ஒன்றும் மாட்டியிருக்கிறேன். மெக்கானிக், “பெரிய பேட்டரியாப் போட்டுடலாம் சார்” என்கிறார். எந்த கம்பெனி பேட்டரி வாங்கலாம்? ஆன்லைனில் வாங்கி நானே மாட்டிக்கொள்ளலாமா? லித்தியம் பேட்டரி நல்லதா?
— வாசகர், அரக்கோணம்

பதில்: வணக்கம். எந்த கம்பெனி என்பதைக் கடைசியில் பார்ப்போம். காஞ்சிபுரம் போய்வந்த காலத்தில் மூன்று வருடம் தாங்கிய இடத்தில், ஸ்டேஷன் ஓட்டம் தொடங்கிய பிறகு ஒன்று பதினொரு மாதம், இன்னொன்று ஐந்து மாதம். அடுத்தடுத்து இரண்டு பேட்டரியும் மட்டமாக அமைந்துவிட்டன என்று வைத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. உங்கள் வண்டியில் பேட்டரிக்கு வரவு குறைந்து செலவு கூடியிருக்கிறது. அதைச் சரி செய்யாமல் இன்னொன்று வாங்கி மாட்டினால் அதற்கும் இதே கதிதான்.

கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம். உங்கள் வண்டியில் இருப்பது 12 வோல்ட், 8 ஆம்பியர் ஹவர் (அதாவது ஒரு ஆம்பியர் கரண்டை ஏறக்குறைய எட்டு மணி நேரம் கொடுக்கும் கொள்ளளவு) என்று வைத்துக்கொள்கிறேன். பேட்டரியின் மேலேயே எழுதியிருக்கும், சரிபார்த்துக்கொள்ளுங்கள். செல்ஃப் மோட்டார் பல பத்து ஆம்பியரை இழுக்கும். ஆனால் ஒன்றிரண்டு வினாடியில் வண்டி எடுத்துவிட்டால் மொத்தமாகப் போவது சொற்பம்தான். 60 ஆம்பியரை 2 வினாடி இழுத்தாலும் 0.03 ஆம்பியர் ஹவர்தான் ஆகிறது. பேட்டரியைச் செல்ஃப்தான் தின்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் தின்பது, வண்டி சும்மா நிற்கும்போது கசிகிற கரண்ட்.

உங்கள் ஜி.பி.எஸ். கருவி சராசரியாக 10 மில்லி ஆம்பியர் எடுக்கிறது என்று வையுங்கள். கேட்பதற்கு ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். இருபத்துநாலு மணி நேரத்துக்கு 0.24 ஆம்பியர் ஹவர், ஒரு வாரத்துக்கு 1.7. இது செலவு. வரவு எவ்வளவு? டவுனுக்குள் இரண்டு கிலோமீட்டர் என்றால் ஆறேழு நிமிடம். நடுவில் ரயில்வே கேட், சிக்னல் எல்லாம் இருந்தால் இன்ஜின் பாதி நேரம் ஐடிலில்தான் ஓடும். ஹெட்லைட், பெட்ரோல் பம்ப், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசியு எல்லாவற்றுக்கும் கொடுத்தது போக, பேட்டரிக்கு ஒரு ஆம்பியர் மிஞ்சினால் அதிகம். அதாவது ஒரு ட்ரிப்புக்கு 0.1. ஐந்து நாள் போக வர ஒரு ஆம்பியர் ஹவர். அதிலும் பத்து தடவை செல்ஃப் அடித்ததற்கு 0.3 போய்விடும். வாரத்துக்கு 0.7 வரவு, 1.7 செலவு. நாலு வாரத்தில் பேட்டரி பாதியாகிவிடும். சனி, ஞாயிறு வரவே கிடையாது என்பதால்தான் திங்கட்கிழமை காலையில் ‘டக் டக்’ கேட்கிறது.

பழைய கார்புரேட்டர் வண்டிகள் இந்த மாதிரி ஓட்டத்தைத் தாங்கும். பல வண்டிகளில் ஹெட்லைட் நேராக, இன்ஜின் ஓடும்போது கரண்ட் உண்டாக்கும் மேக்னெட் காயிலிலிருந்து எரியும். ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் வெளிச்சம் கூடும், விட்டால் மங்கும், ஞாபகம் இருக்கிறதா? பேட்டரிக்கு ஹாரன், இண்டிகேட்டர், செல்ஃப் மட்டும்தான் பொறுப்பு. அது செத்தாலும் ஒரு கிக் அடித்துப் போய்விடலாம். 2017 ஏப்ரல் 1 முதல் இருசக்கர வாகனத்தில் இன்ஜின் ஓடும்போதெல்லாம் ஹெட்லைட் எரிந்தாக வேண்டும் என்று ஆனது. பழைய 35 வாட் பல்பு என்றால் அதற்கு மட்டும் கிட்டத்தட்ட 3 ஆம்பியர், எல்.இ.டி. இருந்தால் குறையும். 2020 ஏப்ரல் 1-ல் பி.எஸ்.6 வந்தது. கார்புரேட்டர் போய், பெட்ரோலை அழுத்திக் கொடுக்க மின்சார பம்ப் வந்துவிட்டது. பேட்டரி இல்லாமல் பெட்ரோலே ஏறாது. இத்தனையையும் பேட்டரியின் தலையில் கட்டிவிட்டு, கூடவே கிக்கரையும் கழற்றி எடுத்துவிட்டார்கள். அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் உண்டு.

பாதி சார்ஜில் வைத்திருந்தால் பேட்டரி ஏன் கெட வேண்டும் என்று கேட்பீர்கள். சார்ஜ் இறங்கும்போது உள்ளே ஈயத் தகட்டின் மேல் ஈய சல்பேட் படிகிறது. உடனே சார்ஜ் ஏற்றினால் கரைந்துவிடும். நாள் கணக்கில், வாரக் கணக்கில் அப்படியே விட்டால் அது இறுகி, பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் கரையாது. அந்த அளவுக்குத் தகட்டின் வேலை செய்யும் பரப்பு போய்விட்டது என்று அர்த்தம். எட்டு ஆம்பியர் ஹவர் பேட்டரி நாலாகிவிடும். சார்ஜரில் போட்டால் சீக்கிரமே ‘ஃபுல்’ காட்டும், செல்ஃப் அடித்தால் சீக்கிரமே படுத்துவிடும். கடையில் இரண்டு தடவை சார்ஜ் போட்டும் நிற்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அது இந்தக் கதைதான். இதற்கு மேல் வெயில் வேறு. சூடு பத்து டிகிரி கூடினால் பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் எல்லாரும் ஒப்புக்கொண்ட கணக்கு. உங்கள் ஊர்ப்பக்கத்து மே மாத வெயிலில், ஸ்டேஷன் ஸ்டாண்டில் நிழல் இல்லாத வரிசையில் காலை முதல் ராத்திரி வரை நின்றால் பேட்டரி தாங்குமா?

இதெல்லாம் என் ஊகம்தான். உறுதி செய்ய ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். எலெக்ட்ரிக்கல் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண மீட்டரே இந்த வேலைக்கு அதிகம். பேட்டரிக்குச் செலவழிப்பதற்கு முன்னால் இதற்குச் செலவழியுங்கள்.

மீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, ராத்திரி நிறுத்திய வண்டியில் காலையில் சாவி போடாமலே பேட்டரியின் இரண்டு முனையிலும் பாருங்கள். வண்டி ஓட்டி வந்தவுடன் பார்க்காதீர்கள்; அப்போது காட்டுவது பொய்க்கணக்கு. 12.6-க்கு மேல் இருந்தால் நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போனால் அநேகமாகக் காலி. 10.5 பக்கம் நிற்கிறது, சார்ஜ் போட்டும் ஏறவில்லை என்றால் உள்ளே இருக்கும் ஆறு செல்லில் ஒன்று செத்துவிட்டது. ஒரு செல்லுக்கு 2.1 வோல்ட் என்பதால்தான் இந்த 10.5.

அடுத்து, மீட்டரை அப்படியே பிடித்துக்கொண்டு வேறு யாரையாவது செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். வோல்ட் இறங்கத்தான் செய்யும். 10-ஐ ஒட்டி நின்றால் நல்லது. 9-க்கும் கீழே சரிந்தால் பேட்டரியில் தெம்பு இல்லை. ஒரு எச்சரிக்கை: சார்ஜ் இல்லாத நல்ல பேட்டரியும் இப்படித்தான் சரியும். சார்ஜ் இல்லாதது வேறு, செத்தது வேறு. கடையில் கொடுத்து மெதுவாக முழு சார்ஜ் ஏற்றி, ஒரு ராத்திரி தனியாக வைத்துவிட்டுப் பார்த்தால்தான் தீர்ப்பு சொல்ல முடியும். மறுநாள் 12.6-க்கு மேல் நின்று, செல்ஃபிலும் தாங்கினால் உங்கள் ஐந்து மாதப் பேட்டரிக்கு இன்னும் உயிர் இருக்கிறது. புதிது வாங்கவே வேண்டாம். கடையில் பேட்டரிக்குப் பளு கொடுத்துப் பார்க்கும் லோடு டெஸ்டர் இருந்தால் இதையே ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள்.

மூன்றாவது, வண்டி சார்ஜ் செய்கிறதா என்பது. இன்ஜினை ஓடவிட்டு, ஆக்ஸிலேட்டரை நாலாயிரம் ஆர்.பி.எம். அளவுக்கு ஏற்றி, பேட்டரி முனையில் பாருங்கள். 13.8-லிருந்து 14.5-க்குள் இருந்தால் கோளாறு இல்லை. 13-க்கு மேல் ஏறவே இல்லை என்றால் மேக்னெட் காயில் அல்லது ஆர்.ஆர். யூனிட் என்று நாங்கள் சொல்லும் ரெகுலேட்டர் ரெக்டிஃபயர் போயிருக்கலாம். அதன் ஒயர்களை இணைக்கும் கப்ளர் கருகியிருந்தாலும் இதே மாதிரி காட்டும், முதலில் அதைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். 15-ஐத் தாண்டினால் ஆர்.ஆர். யூனிட் கட்டுப்பாட்டை விட்டுவிட்டது. அது பேட்டரியைக் கொதிக்க வைத்துவிடும். பேட்டரியின் வயிறு உப்பியிருக்கிறதா, அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் அந்தப் பேட்டரியைச் சார்ஜரில் போடவே கூடாது.

நாலாவதுதான் உங்களுக்கு முக்கியம். கொஞ்சம் பொறுமை வேண்டும். சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள். மீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் ஓட்டையில் செருகி, குமிழையும் 10 ஆம்பியருக்குத் திருப்பி, கழற்றிய ஒயருக்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் மீட்டரைப் பிடியுங்கள். இனி வண்டிக்குப் போகும் கரண்ட் முழுவதும் மீட்டர் வழியாகத்தான் போகும். இந்த நிலையில் சாவியைப் போடவோ செல்ஃபைத் தொடவோ கூடாது, மீட்டர் போய்விடும். மலிவு மீட்டரில் 10 ஆம்பியர் வரிசை 0.01, 0.02 என்றுதான் காட்டும். அதாவது பத்து மில்லி ஆம்பியருக்குக் குறைந்தது அதற்குத் தெரியாது. 0.05-க்குக் கீழேதான் இருக்கிறது என்று உறுதியான பிறகு, சிவப்பு ஒயரைப் பக்கத்து ஓட்டைக்கு மாற்றி 200 மில்லி ஆம்பியரில் வையுங்கள். ஜி.பி.எஸ். கருவி கரண்ட் வந்தவுடன் விழித்துக்கொண்டு, டவரைத் தேடி, தன் உள்ளே இருக்கும் குட்டி பேட்டரியையும் சார்ஜ் செய்யப் பார்க்கும். அதனால் முதலில் அதிகமாகக் காட்டும். கால் மணி, அரை மணி நேரம் அடங்கவிட்டுப் பிறகு வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஜி.பி.எஸ்.ஸின் ஃபியூஸை மட்டும் பிடுங்கிவிட்டு மறுபடி பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்தக் கருவியின் பசி. ஃபியூஸே வைக்காமல் நேராக பேட்டரியில் முறுக்கியிருந்தால், அதை மாட்டியவரைக் கூப்பிட்டு முதலில் ஃபியூஸ் வைக்கச் சொல்லுங்கள். அது பேட்டரிக்காக அல்ல, வண்டி தீப்பிடிக்காமல் இருக்க.

இன்னொன்று, நெகட்டிவைக் கழற்றிய உடனே உங்கள் போனுக்கு ‘பவர் கட்’ என்று மெசேஜ் வரலாம். வீட்டில் வேறு யார் போனிலாவது அந்த ஆப் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

கருவியைக் கழற்றியும் பத்து, பதினைந்து மில்லி ஆம்பியர் காட்டினால் வேறு எங்கோ கசிகிறது. கடையில் போட்ட ஃபாக் லைட், மொபைல் சார்ஜர், சைரன் ஹாரன் என்று வெளியிலிருந்து வந்தவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். மழையில் ஊறிய ஸ்விட்ச்சும் கசியும். ஒன்றும் சேர்க்காத வண்டியில், சாவி எடுத்த பிறகு ஒன்றிரண்டு மில்லி ஆம்பியருக்கு மேல் போக வேலையே இல்லை.

கருவிதான் குற்றவாளி என்று தெரிந்தால், கழற்றி எறியச் சொல்ல மாட்டேன். திருட்டுப் பயம் நியாயமானதுதான். வண்டி நிற்கும்போது தூங்கி, அசைந்தால் மட்டும் விழித்துக்கொள்ளும் வசதி பல கருவிகளில் உண்டு. ஆப்பில் அந்த செட்டிங்கைப் போட்டுவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். மூன்று, நாலு மில்லி ஆம்பியருக்கு இறங்கிவிட்டால் வாரத்துக்கு 0.5 முதல் 0.7 வரைதான் செலவு, உங்கள் ஸ்டேஷன் ஓட்டமே கிட்டத்தட்ட ஈடுகட்டிவிடும். அதற்கு மேல் ஞாயிற்றுக்கிழமை ஒரு நடை திருத்தணிக்குப் போய் முருகனைப் பார்த்துவிட்டு வாருங்கள். ரோட்டில் ஒரே வேகத்தில் முக்கால் மணி நேரம் ஓடினால், வாரம் முழுக்க டவுனில் ஏறுவதைவிட அதிகமாக ஏறும். வீட்டு வாசலில் ஐடிலில் விட்டுப் பத்து நிமிடம் உறுமவிடுகிறார்களே, அதில் பெட்ரோல் தீருவதைத் தவிர ஒன்றும் நடக்காது. வெளியே போக முடியாத வாரங்களில் இரண்டு சக்கர வண்டிக்கென்று வரும் சின்ன ஆட்டோமேட்டிக் சார்ஜரை ராத்திரி மாட்டிவிடலாம். 8 ஆம்பியர் ஹவர் பேட்டரிக்கு 0.8 ஆம்பியர், அதாவது பத்தில் ஒரு பங்குதான் கணக்கு. கார் பேட்டரிக்கு வைத்திருக்கும் பெரிய சார்ஜரில் ஒரு மணி நேரத்தில் ஏற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கொடுக்காதீர்கள்.

கோளாறைச் சரி செய்த பிறகும் பேட்டரி தேறவில்லை என்றால் மாற்றத்தான் வேண்டும். பெரிய பேட்டரி என்ற யோசனையை விட்டுவிடுங்கள். வரவு ஏறாமல் கொள்ளளவை மட்டும் கூட்டினால், நாலு வாரத்தில் படுப்பது ஐந்து வாரத்தில் படுக்கும். அதுவும் எப்போதும் அரைகுறை சார்ஜிலேயே கிடந்து இறுகிப்போகும். போதாததற்கு அந்தப் பெட்டிக்குள் உட்காராமல், பெல்ட்டை இழுத்துக் கட்டி, பாசிட்டிவ் முனை சைடு கவரில் உரச ஆரம்பிக்கும். வண்டிக்கு என்ன கொடுத்தார்களோ அதே அளவு, அதே வகை. உங்களுடையது தண்ணீர் ஊற்ற வேண்டாத சீல் செய்த வகை என்றால் அதுவே போடுங்கள். மூடி திறந்து டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றும் பழைய வகை மலிவாகக் கிடைக்கிறதே என்று மாற்றாதீர்கள். அதற்கு காற்றுக்குழாய் வெளியே விட வேண்டும், சாய்ந்தால் ஆசிட் வழியும், பக்கத்து ஒயரெல்லாம் அரித்துவிடும்.

கம்பெனி? எக்ஸைடு, அமரான் மாதிரி ஊருக்கு ஊர் டீலர் இருக்கும் பெயர்களில் எதை வாங்கினாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. நான் பார்ப்பது வேறு இரண்டு விஷயம். பேட்டரியின் மேல் குத்தியிருக்கும் தயாரிப்புத் தேதி ஒன்று. அது குறியீடாக இருக்கும், கடைக்காரரையே படித்துச் சொல்லச் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் அலமாரியில் தூங்கியது வேண்டாம். இரண்டாவது, கவுண்டரிலேயே மீட்டரை வைப்பது. புது பேட்டரி 12.6-க்குக் குறையாமல் காட்ட வேண்டும். 12.4-க்குக் கீழே இருந்தால் வேறு எடுத்துத் தரச் சொல்லுங்கள், சங்கடப்படாதீர்கள். ஆன்லைனில் இந்த இரண்டையும் செய்ய முடியாது. பழைய பேட்டரியைக் கொடுத்து விலையில் கழித்துக்கொள்வதும், வாரண்டிக்கு வந்து நிற்பதும் உள்ளூர்க் கடையில்தான் சுலபம். ஆன்லைனில் குறையும் காசு இதில் கரைந்துவிடும். பில்லில் வண்டி நம்பரையும் பேட்டரி நம்பரையும் எழுதி, வாரண்டி கார்டில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைக்குப் போகும் முன் பழைய பேட்டரியை, முனைகள் உங்களைப் பார்த்திருக்கிற மாதிரி வைத்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பாசிட்டிவ் சிலதில் இடது பக்கம், சிலதில் வலது பக்கம். மாடல் நம்பரின் கடைசியில் வரும் எல், ஆர் எழுத்து பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறது. மாறி வாங்கிவிட்டால் ஒயர் எட்டாது. எட்டாத ஒயரை இழுத்து, திருப்பி மாட்டி, ஆர்.ஆர். யூனிட்டைப் பொசுக்கிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நீங்களே மாட்டுவதில் தடை ஒன்றும் இல்லை. ஸ்குரூ டிரைவரும் ஒரு 10 எம்எம் ஸ்பேனரும் பெரும்பாலும் போதும். சாவியை எடுத்துவிடுங்கள். கையில் மோதிரம், காப்பு இருந்தால் கழற்றிவிடுங்கள். சைடு கவரையோ சீட்டையோ எடுத்தால் பேட்டரி தெரியும். முதலில் நெகட்டிவ், பிறகு பாசிட்டிவ். இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது: வண்டியின் பாடி முழுக்க நெகட்டிவ். நெகட்டிவ் மாட்டியிருக்கும்போது பாசிட்டிவைக் கழற்றும் ஸ்பேனர் சேஸிஸில் பட்டால் ஷார்ட் ஆகிப் பொறி தெறிக்கும். நெகட்டிவைக் கழற்றிவிட்டால் ஸ்பேனர் எங்கே பட்டாலும் கவலை இல்லை. மாட்டும்போது தலைகீழாக, பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில்.

உங்கள் பொறுமையைச் சோதிக்கப் போவது ஒரு சின்ன சதுர நட்டு. பேட்டரி முனையின் பொந்துக்குள் அது சும்மா உட்கார்ந்திருக்கும். போல்ட்டை மேலிருந்து விடும்போது கீழே இறங்கிவிடும். போல்ட் காற்றில் சுற்றும். ஸ்பாஞ்சையோ பழைய டியூப்பையோ சின்னதாக வெட்டி, பொந்துக்குள் நட்டுக்கு அடியில் திணித்துவிட்டால் நட்டு மேலேயே நிற்கும், போல்ட் ஒரே தடவையில் பிடிக்கும். ஒயரின் வளையத்தில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், சுடுதண்ணீரில் கொஞ்சம் ஆப்பசோடா கலந்து பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து, காயவிட்டு மாட்டுங்கள். இறுக்கிய பிறகு மேலே லேசாக வாஸ்லின் தடவுங்கள். போல்ட்டை நன்றாக இறுக்க வேண்டும், ஆனால் முனை ஈயம் என்பதை மறந்துவிடக் கூடாது. பலத்தையெல்லாம் காட்டினால் பெயர்ந்து வந்துவிடும். பாசிட்டிவ் மேல் இருக்கும் சிவப்பு ரப்பர் மூடியை மறக்காமல் போடுங்கள். நெகட்டிவை வைக்கும்போது பொட்டென்று ஒரு சின்னப் பொறி வந்தால் பயப்படாதீர்கள். எலெக்ட்ரானிக் சாமான்கள் கரண்டை முதலில் இழுப்பதுதான். பெரிதாகப் பொறிந்தால் மட்டும் நிறுத்துங்கள், சாவி போட்டே இருக்கிறதா என்று பாருங்கள். மாட்டி முடித்ததும் கடிகாரம் பூஜ்யத்துக்குப் போயிருக்கும். முதல் தடவை வண்டி எடுத்தவுடன் ஆர்.பி.எம். கொஞ்சம் ஏறி இறங்கினாலும் ஓட ஓடச் சரியாகும்.

புது பேட்டரியோடு, மேலே சொன்ன சார்ஜிங் வோல்ட்டை மறுபடி ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

லித்தியம் கேட்டிருந்தீர்கள். எடை குறைவு, செல்ஃபுக்கு நல்ல வேகம். ரேஸுக்கும் வருடம் முழுக்க நெடுந்தூரம் ஓடுகிறவர்களுக்கும் சரி. விலை பல மடங்கு. ஜி.பி.எஸ். மாதிரி ஒன்று கசியவிட்டு முழுக்க இறக்கிவிட்டால் அது மீளுவது கஷ்டம். உங்கள் ஓட்டத்துக்கு வேண்டாம்.

அதுவரைக்கும் திங்கட்கிழமை காலையில் ரயிலுக்கு நேரமாகிவிட்டது, செல்ஃப் எடுக்கவில்லை என்றால் என்ன செய்வது? சாவியைப் போட்டு, கில் ஸ்விட்சை ஆன் செய்து காதைக் கொடுங்கள். பெட்ரோல் பம்ப் ஒன்றிரண்டு வினாடி ‘ஸ்ஸ்’ என்று ஓட வேண்டும். அந்தச் சத்தம் வந்தால் இரண்டாவது கியரில் தள்ளி ஸ்டார்ட் செய்ய வாய்ப்பு உண்டு. சத்தமே இல்லை என்றால் தெரு முழுக்கத் தள்ளினாலும் வண்டி எடுக்காது, பெட்ரோலே ஏறவில்லை. அங்கேயே நிறுத்திவிட்டு ஆட்டோ பிடியுங்கள். செல்ஃபை விடாமல் அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டாம்; ஐந்து வினாடி, பிறகு கால் நிமிடம் ஓய்வு, மூன்று தடவைக்கு மேல் வேண்டாம். காரிலிருந்து ஒயர் போட்டு எடுக்கத்தான் வேண்டும் என்றால் காரின் இன்ஜினை அணைத்துவிட்டுப் போடுங்கள்.

பழைய பேட்டரி வீட்டில் கிடக்கிறது என்றால் வைத்துக்கொள்ளாதீர்கள். உள்ளே ஈயமும் கந்தக அமிலமும்தான். தெருவில் கூவிக்கொண்டு வரும் பழைய இரும்புக்காரரிடம் போட்டால், உடைத்து ஆசிட்டைச் சாக்கடையில் கொட்டிவிட்டு ஈயத்தை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். விற்கும் கம்பெனியே திரும்ப வாங்கி மறுசுழற்சிக்கு அனுப்ப வேண்டும் என்று 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகள் சொல்கின்றன. டீலரிடம் கொடுத்தால் எடைக்கு ஏற்ப விலையில் கழித்துக்கொள்வார்.

காலையில் பார்த்த வோல்ட், செல்ஃப் அடிக்கும்போது இறங்கிய வோல்ட், ஓடும்போது வந்த வோல்ட், கசியும் மில்லி ஆம்பியர் — இந்த நாலு எண்ணையும் ஒரு தாளில் குறித்து உங்கள் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். எனக்கும் எழுதுங்கள். கசிவு ஐந்து மில்லி ஆம்பியருக்குள் இருந்து, சார்ஜிங் 14-ஐ ஒட்டி இருந்து, அதற்குப் பிறகும் புதுப் பேட்டரி படுத்தால் மட்டும் அதை வாரண்டிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.